தங்கம் வென்ற கேப்டன், கோச் ஆனதும் என்ன ஆச்சு?

பவானி பக்கம் எந்த கபடி டீமை எடுத்தாலும், விசில் வச்சுக்கிட்டு நிக்கறவர் ஒரு காலத்துல ஆடினவராத்தான் இருப்பார். அமெரிக்க ஃபுட்பாலிலும் அதே கதைதான். ஆட்டக்காரராக 3 சூப்பர் பவுல் வென்ற மைக் வ்ராபெல், அதே நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணிக்கு 2025-ல் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். நல்லா ஆடினவர் நல்லா சொல்லிக் கொடுப்பார் என்பது நம்ம எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை.

அது எப்போதும் பலிக்குமா? சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரனின் கதையைப் பார்க்கலாம்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக். ஹாக்கி இறுதிப்போட்டியில் ஸ்பெயினை 4-3 என இந்தியா வென்றபோது கேப்டன் இவர்தான். புறக்கணிப்பால் பாகிஸ்தான், ஆஸ்திரேலியா போன்ற பெரிய அணிகள் வரவில்லை என்று இன்றும் சிலர் இழுப்பார்கள். வந்தவங்களை ஜெயிச்சாத்தானே தங்கம்? ஆனால் ஆடவர் ஹாக்கியில் இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் தங்கம் இதுவரை அதுதான்.

20 வருடம் கழித்து, சிட்னி ஒலிம்பிக்கில் அவர் கோச். தன்ராஜ் பிள்ளை இருந்த அணி அது. ஆஸ்திரேலியாவோடு 2-2 டிரா, ஸ்பெயினை 3-2 என வெற்றி. கடைசி லீக் ஆட்டத்தில் போலந்தை ஜெயிச்சா அரையிறுதி. 1-0 என முன்னிலை. கடைசி 2 நிமிடங்களுக்குள் போலந்து ஒரு கோல் போட்டது. அவ்வளவுதான். 1-1. இந்தியாவுக்குப் பதில் அரையிறுதிக்குப் போன தென்கொரியா வெள்ளியோடு திரும்பியது, இந்தியாவுக்கு 7-வது இடம்.

கேப்டனாக இருந்திருந்தால் அந்த 2 நிமிடம் அவரே பந்தைப் பிடித்து வைத்திருக்கலாம். கோச்சுக்கு அந்த வசதி கிடையாது. கோட்டுக்கு வெளியே நின்று கத்தலாம், ஆளை மாத்தலாம். 2006 உலகக் கோப்பைக்கும் அவரே கோச். 12 அணிகளில் இந்தியா 11-வது.

அதற்காக முன்னாள் வீரர்கள் கோச்சாகவே கூடாது என்று அர்த்தமில்லை. டோக்கியோவில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்த கிரஹாம் ரீட், 1992-ல் ஆஸ்திரேலியாவுக்காக ஆடி வெள்ளி வென்றவர். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் 2024 பாரிஸ் வெண்கலத்தோடு ஓய்வு பெற்று, ஜூனியர் அணியின் கோச்சானார். 2025 டிசம்பரில், பாஸ்கரனின் ஊரான சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என பின்தங்கி நின்றது இந்தியா. கடைசி கால் பகுதியில் பசங்க 4 கோல் அடித்தார்கள். ஸ்ரீஜேஷ் வெளியே நின்றுதான் பார்த்தார்.