பிசியோதெரபிஸ்ட் ஆக மாஸ்டர்ஸ் படிக்கணுமா? பினாங்கு மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

"அமெரிக்காவுல பிசியோதெரபிஸ்ட் ஆகணும்னா டாக்டர் பட்டமே வேணுமாம். அப்போ நம்ம ஊர்ல?" எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு.

நேரடியான பதில்: மலேசியாவில் அங்கீகரிக்கப்பட்ட டிகிரியோ டிப்ளோமாவோ போதும். மாஸ்டர்ஸ் அதற்குப் பிறகுதான். ஆனால் எந்த கோர்ஸ் என்று சரிபார்க்காமல் சேர்ந்தால், படித்த வருஷங்களும் வாங்கிய கடனும் வீணாகலாம்.

நாட்டுக்கு நாடு ஏன் மாறுது?

அமெரிக்காவில் முதலில் ஏதாவது ஒரு டிகிரி முடிக்க வேண்டும். பிறகு சுமார் 3 ஆண்டுகள் 'டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி' படிக்க வேண்டும். இது ஆராய்ச்சி செய்து வாங்கும் பிஎச்டி இல்லை, தொழிலில் நுழைவதற்கான பட்டம். அதோடு தேசியத் தேர்வும் மாநில உரிமமும் உண்டு.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இரண்டு வழி இருக்கு. நேரடியாக பிசியோதெரபி டிகிரி படிக்கலாம். வேறு டிகிரி வைத்திருப்பவர்கள் 2 ஆண்டு மாஸ்டர்ஸ் மூலமும் நுழையலாம்.

மலேசியாவில் டிகிரி பெரும்பாலும் 4 ஆண்டுகள், டிப்ளோமா 3 ஆண்டுகள். உடற்கூறியல், எலும்பு-தசை, நரம்பு, இதயம்-நுரையீரல் பாடங்களோடு மருத்துவமனைப் பயிற்சியும் இதிலேயே அடங்கும்.

அப்போ மாஸ்டர்ஸ் எதுக்கு?

விளையாட்டுக் காயம், நரம்பியல் போன்ற ஒரு துறையில் ஆழமாகப் போக, விரிவுரையாளராக, ஆராய்ச்சி செய்ய. இங்கேதான் கவனம் தேவை. விளையாட்டு அறிவியல் டிகிரிக்கு மேல் மறுவாழ்வுத் துறையில் ஒரு மாஸ்டர்ஸ் செய்தால் மட்டும் நீங்க பிசியோதெரபிஸ்ட் ஆகிவிட முடியாது. பதிவுக்கு அடிப்படை பிசியோதெரபி தகுதி வேணும்.

பதிவு ஏன் முக்கியம்?

2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்கீழ் இயங்கும் மன்றத்தில் பதிவு செய்து, தொழில் செய்வதற்கான சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் பிசியோதெரபிஸ்ட்டாகத் தொழில் செய்வது குற்றம்.

எங்கே படிக்கலாம்?

பினாங்கிலிருந்து வடக்கே போனால், கெடா பீடோங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். தெற்கே ஈப்போவில் யூனிகேஎல் வளாகம். இன்னும் தள்ளிப் போனால் சுங்கை லோங்கில் யூடார், கோலாலம்பூரில் யூகேஎம். உயிரியல் உள்ளிட்ட அறிவியல் பாடங்களில் நல்ல புள்ளிகள் இருந்தால் வாய்ப்பு கூடும்.

பணம் கட்டும் முன்

* மலேசியத் தகுதி முகமையான எம்.க்யூ.ஏ.வின் பதிவேட்டில் அந்த கோர்ஸ் இருக்கான்னு இணையத்தில் பாருங்க. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது.
* அங்கீகாரம் தற்காலிகமா, முழுமையானதா? புதிய கோர்ஸ் முதலில் தற்காலிக அங்கீகாரத்தோடுதான் தொடங்கும்.
* பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புறாங்க, போக்குவரத்துச் செலவு யார் பொறுப்பு என்று கேளுங்க.
* வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பும் எண்ணமா? அந்தப் பட்டத்தை இங்குள்ள மன்றம் ஏற்குமா என்று சேருவதற்கு முன்பே எழுத்துபூர்வமாகக் கேட்டுவிடுங்க.

டிப்ளோமாவா, டிகிரியா?

டிப்ளோமாவில் சீக்கிரம் வேலைக்குப் போகலாம், செலவும் குறைவு. ஆனால் அரசு மருத்துவமனைகளில் இரண்டுக்கும் பதவியும் சம்பளமும் வேறு. மாஸ்டர்ஸ் எண்ணம் இருந்தால் டிகிரிதான் வசதி.

ஜார்ஜ்டவுனில் பினாங்கு பொது மருத்துவமனை, தனியார் மருத்துவமனைகள், பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களுக்கான நாசம் மையம் எனப் பல இடங்களில் இந்த வேலை நடக்கிறது. பக்கவாதம் வந்த பாட்டிக்கு மறுபடி எழுந்து நிற்கப் பல மாதப் பயிற்சி தேவைப்படலாம். "மெதுவா, வலது காலை முன்னால வைங்க பாட்டி" என்று அவருடைய மொழியிலேயே சொல்லக்கூடியவர் பக்கத்தில் இருந்தால், அந்தப் பயிற்சி அவருக்குக் கொஞ்சம் எளிதாகும்.