படைமுகாமும் ஊரும் ஏன் சேர்ந்து திட்டமிட வேண்டும்?

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழித்தே சுனாமி இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஊர்களை அடைந்தது. தப்ப நேரம் இருந்தது, எச்சரிக்கைதான் வரவில்லை.

ஆழ்கடலில் விமான வேகத்தில் ஓடும் அலை, கரையின் ஆழமற்ற நீரில் வேகம் குறைந்து உயரும். அது பள்ளிவாசலா, படைமுகாமா என்று பார்க்காது. காலி நகரின் கடற்படைத் தளமும் அன்று சேதமடைந்தது.

அந்த அழிவுக்குப் பின், 2005இன் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. ஆனால் கரையில் முகாமும் ஊரும் ஒன்றுக்கொன்று துணையாக வேண்டும். படையினரிடம் வானொலித் தொடர்பும் படகுகளும் வாகனங்களும் உண்டு. எந்த ஒழுங்கையில் வெள்ளம் தேங்கும், எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்பது ஊராருக்கே தெரியும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி சுற்றியுள்ள வீடுகளுக்குக் கேட்கும். எனவே மேற்கே வெளியேறும் பாதைகளை இரு தரப்பினரும் ஒரே வரைபடத்தில் குறித்து, சேர்ந்தே ஒத்திகை பார்க்க வேண்டும்.