கமுகும் சட்டமும்: கல்வராயன் மலையடிவாரப் பாக்குச் சாகுபடியை முன்வைத்து

முன்னுரை

கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ளது. அதன் தென்மேற்கு அடிவாரத்தில் வசிட்ட நதி பாயும் ஆத்தூர், பெத்தநாயக்கன்பாளையம் பகுதிகள் தமிழகத்தில் பாக்கு மிகுதியாக விளையும் நிலங்களுள் அடங்கும். சடங்கிலும் வணிகத்திலும் ஒருங்கே இடம்பெறும் பாக்கை இன்றைய சட்டங்கள் எவ்வாறு நோக்குகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அச்சட்டங்கள் புகையிலையையே முதன்மையாகக் கருத்தில் கொள்கின்றன. பாக்கு தானே விளைவிக்கும் தீங்கு அவற்றில் உரிய இடம் பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மரமும் பயனும்

பனைக் குடும்பத்தின் அறிவியல் பெயரே கமுகின் பேரினப் பெயரான 'அரிக்கா' என்பதிலிருந்து அமைந்தது. பாக்கின் பழந்தமிழ்ப் பெயர் 'அடைக்காய்'. கோவலன் உண்டு முடித்தபின் கண்ணகி வெற்றிலையுடன் அடைக்காய் அளித்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. மண உறுதி நிகழ்வு இன்றும் 'நிச்சயதாம்பூலம்' என்றே வழங்கப்படுகிறது.

கமுகு நிழலும் ஆண்டு முழுவதும் ஈரமும் வேண்டும் மரம்; நட்டுக் காய்ப்புக்கு வர 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். முற்றிய பழத்தை உலர்த்தி உரித்தால் கொட்டைப்பாக்கு. இளங்காயை உரித்து வேகவைத்து உலர்த்தினால் களிப்பாக்கு. உதிரும் மட்டையை வெப்ப அச்சில் அழுத்தித் தட்டுகள் செய்கின்றனர். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு விதித்த தடை 2019 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபின், இத்தட்டுகள் மாற்றுப்பொருளாக முன்னிறுத்தப்பட்டன.

ஒழுங்குமுறை

உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை கலந்த தாம்பூலத்தைப் புற்றுநோய்க் காரணியாக 1985இல் அறிவித்தது. புகையிலை கலவாத தாம்பூலமும் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பன என 2004இல் வெளியான அதன் 85ஆம் தொகுதி உறுதிசெய்தது. பாக்கிலுள்ள அரிக்கோலின் முதலிய வேதிப்பொருள்கள் வாயின் உட்சவ்வில் நார்த்திசுவைப் பெருக்குகின்றன. சவ்வு இறுகி, வாயைத் திறப்பதே அரிதாகிறது. இந்நிலை புற்றுநோய்க்கு முன்னோடியாக அமையலாம்.

தமிழகத்தில் 2013 முதல் நடைமுறையிலுள்ள தடை, புகையிலை அல்லது நிகோடின் கலந்த குட்கா, பான்மசாலா போன்றவற்றுக்கு உரியது. உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006இன் 30(2)(அ) பிரிவு ஓராண்டுக்கு மிகாத தடைக்கே இடமளிப்பதால், அத்தடை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. தற்காலிகத் தடையை இவ்வாறு நிலையான தடையாக்கும் அதிகாரம் ஆணையருக்கு இல்லை எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 சனவரியில் தீர்ப்பளித்தது; அத்தீர்ப்பை உச்சநீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரலில் நிறுத்திவைத்தது.

இவ்வழக்கின் மையம் புகையிலையே. புகையிலை கலவாத பாக்குப் பொட்டலத்திற்கு, மெல்லுதல் உடல்நலத்துக்குக் கேடு என்னும் எச்சரிக்கையை உணவுப் பாதுகாப்பு விதிமுறை கட்டாயமாக்குகிறது. எனினும் கடையில் சில்லறையாக அளந்து தரப்படும் பாக்கில் அவ்வெச்சரிக்கையைத் தாங்கும் உறை இல்லை. மறுபுறம், உள்நாட்டு உழவரைக் காக்கும்பொருட்டு ஒன்றிய அரசு 2023 பிப்ரவரியில் பாக்கின் குறைந்தபட்ச இறக்குமதி விலையைக் கிலோவுக்கு 251 ரூபாயிலிருந்து 351 ரூபாயாக உயர்த்தியது. நலவாழ்வுத் துறை எச்சரிக்கும் பொருளின் விலையை வணிகத் துறை தாங்கிப் பிடிக்கிறது.

மட்டைக்கும் இச்சிக்கல் வந்துள்ளது. அதிலிருந்து வேதிப்பொருள்கள் உணவில் கலக்கக்கூடும் எனக் கூறி, பாக்குமட்டைத் தட்டுகளை ஏற்க இயலாது என அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2025 மே மாதம் அறிவித்தது. நெகிழிக்கு மாற்றாக இங்கு வளர்ந்த தொழில் அந்நாட்டுச் சந்தையை இழக்கும் நிலைக்கு வந்துள்ளது.

முடிவுரை

காய்ப்புக்கு ஏழாண்டு காத்திருந்த உழவர் ஒரு பருவத்தில் பயிர் மாற்ற இயலாது. ஆதலின் உடனடித் தடை தீர்வாகாது. சில்லறை விற்பனையிடங்களில் எச்சரிக்கைப் பலகை, சிறாருக்கு விற்பதைத் தடுத்தல், மட்டைத் தட்டுகளின் பாதுகாப்பை நம் ஆய்வகங்களிலேயே சோதித்தல், கமுகுத் தோப்பில் மிளகு போன்ற ஊடுபயிரால் உழவரின் பாக்குச் சார்பைப் படிப்படியாகக் குறைத்தல் ஆகியன இன்றே தொடங்கத்தக்கவை. தாம்பூலத் தட்டில் பாக்கு மங்கலப் பொருளாகத் தொடரலாம். அதை நாள்தோறும் மெல்லுபவர் அதன் தீங்கை அறிந்திருத்தல் வேண்டும்.