பனிமலைக்கு எந்த வெளிச்சம்?

ஒரே மலை, ஒரே பனி, பகலில் ஒரே நேரம். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு படங்களில் ஒன்று சாம்பல் பூத்து வெளிறிக் கிடக்கிறது. மற்றொன்றில் வெயில் பொன்னாக வழிகிறது. பைன் மரங்களின் அடியில் நிழல் கருத்துத் திரண்டிருக்கிறது. இரண்டும் ஒரே கணிப்பொறி ஆட்டத்தில் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை என்றால் நம்பக் கடினமாக இருக்கிறது அல்லவா?

அந்த ஆட்டத்தின் பெயர் 'ஸ்கைரிம்'. பறக்கும் நாகங்களும் மந்திரவாதிகளும் பாழடைந்த கல்லறைகளும் நிறைந்த ஒரு கற்பனைக் குளிர்நாட்டின் கதை அது. அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11-ஆம் நாள் அதை வெளியிட்டது. 2016 அக்டோபரில் 64 பிட் கணிப்பொறிகளுக்கு ஏற்பத் திருத்திய சிறப்புப் பதிப்பு வந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதை விளையாடுவோர் குறையாமல் இருப்பதற்கு ஒரு காரணம், விளையாடுபவர்களே அதைத் திருத்தி அமைக்க முடிவதுதான். இத்தகைய திருத்தத் தொகுப்புகளை 'மோட்' என்கிறார்கள். புதிய ஊர், புதிய உடை, புதிய மழை, எல்லாமே மோட் வழியாக வரும். அவற்றுள் அதிக ஆசையையும் அதிக ஏமாற்றத்தையும் தருவது ஒளியை மாற்றும் வகை. ஏமாற்றம் ஏன் வருகிறது, அதைத் தவிர்க்க எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இங்கே காண்போம்.

இடையில் அமரும் எழுத்தர்

ஓர் ஆட்டம் ஓடும்போது அது கிராபிக்ஸ் அட்டைக்கு இடைவிடாமல் கட்டளைகளை அனுப்புகிறது. 'இங்கே ஒரு பாறையை வரை, அதன் மேல் இந்த வெளிச்சத்தைப் போடு' என்பன போன்ற கட்டளைகள். விண்டோஸ் கணிப்பொறியில் இவை 'டைரக்ட் எக்ஸ்' என்ற பொது வாயில் வழியாகச் செல்கின்றன. அலுவலகத்தில் மேலதிகாரிக்குப் போகும் கோப்புகளை வாசலில் அமர்ந்திருக்கும் எழுத்தர் ஒருவர் வாங்கிப் பார்த்து, ஆங்காங்கே திருத்தி, மேலும் இரண்டு தாள்களைச் சேர்த்து உள்ளே அனுப்புகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். போரிஸ் வொரொன்ட்சோவ் என்பவர் உருவாக்கிய 'ஈ.என்.பி.' அப்படிப்பட்ட எழுத்தர். டைரக்ட் எக்ஸ் கோப்பின் பெயரையே தாங்கி ஆட்டத்தின் கோப்புறையில் அது அமர்ந்து கொள்கிறது. ஆட்டத்திற்கு இது தெரியாது. வழக்கமான வாயிலைத்தான் தட்டுகிறோம் என்று அது எண்ணிக் கொள்கிறது.

எழுத்தருக்கு எவ்வளவு திருத்த வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டுமே? அதைச் சொல்வதுதான் 'பிரீசெட்', அதாவது முன்னமைவு. பெரும்பாலும் அது எண்கள் எழுதிய உரைக்கோப்புகளும் சில சிறு நிரல்களும் கொண்ட ஒரு கட்டு, அவ்வளவே. பகலில் சூரிய ஒளியை எத்தனை மடங்கு கூட்டுவது, நிழலை எவ்வளவு கறுப்பாக்குவது, நிறத்தை எவ்வளவு அடர்த்தியாக்குவது என்று நூற்றுக்கணக்கான எண்கள். விடியல், சூரியோதயம், பகல், சூரியாஸ்தமனம், அந்தி, இரவு, பகலில் வீட்டுக்குள், இரவில் வீட்டுக்குள் என எட்டு வேளைகளுக்குத் தனித்தனி மதிப்புகள் கொடுக்கலாம். ஆக, ஒரு முன்னமைவைத் தேர்ந்தெடுப்பது என்பது வேறொருவர் தம் கண்ணுக்கும் தம் திரைக்கும் பிடித்தபடி திருகி வைத்த எண்களை அப்படியே ஏற்றுக் கொள்வதாகும்.

256 படிகளுக்குள் ஓர் உலகம்

திருகுவதற்கு அப்படி என்ன இருக்கிறது? இங்கேதான் விஞ்ஞானம் வருகிறது.

நண்பகல் வெயிலின் ஒளிர்வு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். முழுநிலவில் அது 1 லக்ஸ்கூட இல்லை. அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டாலே அதிகம். நம் கண் இரண்டிலும் பார்க்கிறது. பாவை சுருங்கி விரிகிறது. விழித்திரை மெல்ல மெல்லத் தன்னைப் பழக்கிக் கொள்கிறது. வெயிலிலிருந்து இருட்டுக்குள் வந்தால் முழுமையாகப் பழக 20, 30 நிமிடங்கள் பிடிக்கும். ஆனால் மேசை மேல் இருக்கும் சாதாரணத் திரைக்கு இந்த வசதி ஏது? ஒவ்வொரு நிறத்திற்கும் அது காட்டக்கூடியவை 256 படிகள்தாம்.

ஆட்டத்தின் உள்ளே வெளிச்சம் பெரிய எண்களாகக் கணக்கிடப்படுகிறது. அவற்றை இந்தச் சிறிய ஏணிக்குள் அடக்கியாக வேண்டும். இந்த அடக்கும் வேலைக்கு 'டோன் மேப்பிங்' என்று பெயர். எரிக் ரெய்ன்ஹார்டும் அவருடைய கூட்டாளிகளும் 2002-இல் வெளியிட்ட முறையின் மிக எளிய வடிவத்தை நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒளியின் அளவை, அந்த அளவோடு 1-ஐக் கூட்டி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். ஒளி 1 என்றால் விடை 0.5. ஒளி 3 என்றால் 0.75. ஒளி 9 என்றால் 0.90. ஒளி 99 என்றால் 0.99.

கடைசி இரண்டையும் சற்று உற்றுப் பாருங்கள். 99 என்பது 9-ஐப் போல் 11 மடங்கு. திரையிலோ இரண்டுக்கும் இடையே 0.09 மட்டுமே வேறுபாடு! முன்னமைவை எழுதியவர் பகல் ஒளியைத் தாராளமாகக் கூட்டிவிட்டார் என்றால், பனியின் மேடும் பள்ளமும் ஏணியின் உச்சிப் படிகளில் போய் நெருக்கியடித்துக் கொள்ளும். பனித்தரை வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். இருட்டிலும் இதே கதைதான். நிழல் 'கம்பீரமாக' இருக்க வேண்டும் என்று கறுப்பைக் கூட்டினால், கீழ்ப்படிகளில் இருந்த வேறுபாடுகள் ஒன்றோடொன்று கலந்து மறைகின்றன. குகைக்குள் உங்களை நோக்கி வருபவன் எதிரியா தூணா என்று தெரியாமல் அடி வாங்குவீர்கள். படத்தில் இது அழகு, ஆட்டத்தில் தொல்லை.

இரவை நீலமாகக் காட்டும் முன்னமைவுகள் பல. இது வெறும் அலங்காரம் அன்று. மங்கிய ஒளியில் நம் விழித்திரையின் கூம்புச் செல்கள் ஓய்ந்து கோல் செல்கள் வேலை செய்கின்றன. கூம்புகளுக்கு 555 நானோமீட்டர் அலைநீளத்தில் கூர்மை அதிகம். கோல்களுக்கு 507 நானோமீட்டரில், அதாவது நீலத்தின் பக்கம் சற்று நகர்ந்த இடத்தில். அதனால்தான் அந்தி மங்கும்போது செம்பருத்தி கறுத்துவிடுகிறது, அதன் இலை வெளிறித் தெரிகிறது. 19-ஆம் நூற்றாண்டில் செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே இதை விளக்கினார். திரைமுன் அமர்ந்திருக்கும் உங்கள் கண் உண்மையான இருட்டில் இல்லை. ஆகையால் முன்னமைவு அந்த நீலத்தைத் தானே பூசிக் காட்டுகிறது.

வானிலையோடு பொருத்தம் பார்க்க வேண்டும்

ஏமாற்றத்திற்குப் பெரிய காரணம் இது. முன்னமைவிலுள்ள எண்களில் பல, பெருக்கும் எண்கள். எதைப் பெருக்குகின்றன? ஆட்டத்தின் வானிலை தரும் வெளிச்சத்தை. ஸ்கைரிமின் வானிலையை மாற்றவும் தனி மோட்கள் உண்டு. 'கதீட்ரல்', 'ஆப்சிடியன்' என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். ஒரு வானிலை மோட் இரவு வெளிச்சத்துக்கு 0.3 தருகிறது, இன்னொன்று 0.1 தருகிறது என்று பேச்சுக்காக வைத்துக் கொள்வோம். முன்னமைவு அதை 0.5-ஆல் பெருக்கினால் முதலதில் 0.15 கிடைக்கும், இரண்டாவதில் 0.05 மட்டுமே. முன்னமைவு ஒன்றே, இருட்டு மூன்று மடங்கு! 'அவர் படத்தில் நன்றாக இருந்தது, என் திரையில் கண்ணே தெரியவில்லை' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே விடை. ஆகையால் முதலில் வானிலை மோட் ஒன்றை முடிவு செய்து, பிறகு அதற்கென்றே எழுதிய முன்னமைவைத் தேடுங்கள். தலைகீழாகச் செய்பவர்களே அதிகம். வீட்டுக்குள் விளக்கொளியை மாற்றும் மோட் வைத்திருந்தால் அதற்கும் இதே விதி.

மில்லிவிநாடிக் கணக்கு

அழகுக்கு விலை உண்டு. அந்த விலை நேரத்தில் கொடுக்கப்படுகிறது. விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால் ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிவிநாடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். 'இந்த முன்னமைவு 16 படங்களைத் தின்றுவிடும்' என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக் கொள்ளாதீர்கள். முன்னமைவின் கூடுதல் வேலை 6 மில்லிவிநாடி என்போம். 60 படங்கள் ஓடிய கணிப்பொறியில் 16.7 என்பது 22.7 ஆகி, விநாடிக்கு 44 படங்களாகக் குறையும், இழப்பு 16. ஏற்கெனவே 30 படங்களே ஓடிய கணிப்பொறியில் 33.3 என்பது 39.3 ஆகும், விநாடிக்கு 25 படங்கள், இழப்பு 5 மட்டுமே. வேலை ஒன்றே, இழப்பின் எண்ணிக்கை மட்டும் வேறாகத் தோன்றுகிறது. அந்த 6-ம்கூட அட்டைக்கு அட்டை மாறும். எனவே உங்கள் கணிப்பொறியில் நீங்களே அளந்து பார்ப்பதுதான் கணக்கு.

அளக்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்கைரிமில் பொருள்கள் விழுவதும் உருள்வதும் படவேகத்தோடு பிணைக்கப்பட்டவை. வேகம் 60-ஐ வெகுவாகத் தாண்டினால் மேசை மேல் இருக்கும் தட்டும் கிண்ணமும் தாமாகவே துள்ளிப் பறக்கும்! ஆகவே 60-இல் பூட்டி வைப்பது வழக்கம். பூட்டு இருக்கும்போது உங்கள் அட்டை ஒரு படத்தை 9 மில்லிவிநாடியில் முடித்துவிட்டு மீதி நேரம் சும்மா இருக்கலாம். எண் 60 என்றுதான் காட்டும். முன்னமைவு போட்ட பிறகும் 60 என்றே காட்டினால் அது இலவசம் என்று பொருளல்ல, மிச்சமிருந்த நேரத்தைச் சாப்பிட்டிருக்கிறது. நெரிசலான இடத்தில்தான் உண்மை வெளிப்படும்.

இந்த வேலைகளில் பல, திரையின் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் செய்யப்படுபவை. 1920-க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 3840-க்கு 2160 திரையில் அதைப் போல் நான்கு மடங்கு. பழைய அட்டை வைத்திருக்கும் மாணவர் புதியது வாங்கப் பணம் சேர்க்கத் தொடங்குமுன், இரண்டு காரியம் செய்து பார்க்கலாம். தொலைவை மங்கலாக்கும் குவிய விளைவை முதலில் அணையுங்கள். புகைப்படத்துக்கு அது அழகு சேர்க்கும்; விளையாடும்போது நீங்கள் பார்க்க விரும்பும் மலையைத்தான் மங்கலாக்கும். அடுத்து, மூலை முடுக்குகளில் நிழல் சேர்க்கும் 'ஆம்பியன்ட் ஆக்லூஷன்' என்பதன் தரத்தை ஒரு படி இறக்குங்கள். திரைப் புள்ளிகளை வைத்தே இதைக் கணக்கிடும் முறையை 2007-இல் 'கிரைசிஸ்' என்ற ஆட்டத்தில் கிரைடெக் நிறுவனத்தார் முதலில் பயன்படுத்தினர். படத்துக்கு மிகுந்த கனம் தருவது அதுவே. நேரத்தை அதிகம் கேட்பவற்றுள்ளும் அது ஒன்று. தரம் ஒரு படி குறைந்தால் ஓடும்போது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. இவ்வளவு செய்தும் இழுக்கவில்லை என்றால், சிறப்புப் பதிப்புக்கு 'கம்யூனிட்டி ஷேடர்ஸ்' என்றொரு மாற்று இருக்கிறது. ஈ.என்.பி.யின் எல்லா வித்தைகளும் அதில் இல்லை. சுமை பொதுவாகக் குறைவு.

சோதனை நடை

சேலைக் கடையில் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? விளக்கடியில் பளபளக்கும் சேலையை வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் ஒரு முறை விரித்துப் பார்க்கிறார்கள். முன்னமைவுக்கும் அந்தப் பரீட்சை வேண்டும். விளம்பரத்துக்கு வரும் படங்கள் சூரியன் சாயும் வேளையில், வானம் தெளிந்திருக்கும்போது, அசையாமல் நின்று எடுத்தவை. அந்த ஒரு நொடியில் எல்லா முன்னமைவும் அழகுதான். மேலும், திரைப் புள்ளிகளிலிருந்து கணக்கிடும் நிழலுக்குத் திரைக்கு வெளியே இருப்பது தெரியாது. நீங்கள் தலையைத் திருப்பினால் ஓரங்களில் நிழல் தோன்றித் தோன்றி மறையும். அசையாப் படம் இதை ஒருபோதும் காட்டாது.

ஆட்டத்தின் கடிகாரம் நம்முடையதைப் போல் 20 மடங்கு வேகம். ஒரு முழு நாள் 72 நிமிடத்தில் கழிந்துவிடும். ஆகவே ஒரு மாலைப் பொழுதில் எட்டு வேளைகளையும் பார்த்துவிடலாம். ஆற்றங்கரை ஊரான ரிவர்வுட்டில் தொடங்குங்கள். மேலேயுள்ள பிளீக் ஃபால்ஸ் கல்லறைக்குள் தீவட்டி இல்லாமல் நுழையுங்கள்; சுவரும் வழியும் பிரிந்து தெரிகின்றனவா? நள்ளிரவில் வெளியே வந்து காட்டுப்பாதையில் நடந்து பாருங்கள். மறுநாள் நண்பகலில் வடக்கே வின்டர்ஹோல்டின் பனியில் நின்று உங்கள் காலடியை நோக்குங்கள். பனியில் மேடுபள்ளம் இருக்கிறதா, வெள்ளைத் தாளா? பிறகு ஒயிட்ரன் நகரின் சத்திரத்துக்குள் போய் அடுப்பு வெளிச்சத்தில் மனித முகங்களைப் பாருங்கள்; தோல் ஆரஞ்சுச் சுளை போலத் தெரிந்தால் நிறம் மிகை. ஈ.என்.பி.யை ஒரு விசைச் சேர்க்கையால் அணைத்து எழுப்ப முடியும். ஒவ்வோர் இடத்திலும் அணைத்து ஒரு முறை, எழுப்பி ஒரு முறை பாருங்கள்; கண் சீக்கிரம் பழகிவிடும் என்பதால் இது அவசியம். அறையில் வழக்கமாக எந்த விளக்கு எரியுமோ அதே விளக்கிலேயே சோதியுங்கள்.

பனியும் கல்லறையும் இரண்டும் தேறினால் மாலை வெயில் தானாகவே தேறும் என்பது என் கணிப்பு. ஒன்று மட்டும் தேறாவிட்டால் முழு முன்னமைவையும் எறிய வேண்டாம். அந்த வேளைக்குரிய எண்ணை மட்டும் சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள்.

நிறுவும் முன் ஒரு வார்த்தை. முன்னமைவுக் கட்டில் ஈ.என்.பி.யின் மூலக்கோப்பு இருக்காது. அதை ஆக்கியவரின் தளத்திலிருந்து, முன்னமைவுக்காரர் சொல்லும் பதிப்பையே தனியாகப் பெற வேண்டும். எந்தெந்தக் கோப்புகளை ஆட்டத்தின் கோப்புறையில் போடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த முன்னமைவைச் சோதிக்கும்போது பழையதன் கோப்பு ஒன்று உள்ளே தங்கிவிட்டால், இரண்டும் கலந்து, யாரும் எழுதாத மூன்றாவது வெளிச்சம் ஒன்று வரும்.