பழைய இரயில் நிலமும் கிணற்று நீரும்

மலாக்கா நகருக்கும் தம்பினுக்கும் இடையே ஒரு காலத்தில் இரயில் ஓடியது. 1905-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தக் கிளைப் பாதை, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு, சயாம்-பர்மா மரண இரயில் பாதைக்காகக் கொண்டு போகப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் மக்களும் அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. தண்டவாளம் போய்விட்டது. அது கிடந்த நிலம் மட்டும் அங்கேயே இருக்கிறது.

நேயர்களே, இத்தகைய பழைய இரயில் நிலம் ஒன்றில் வீடு கட்டவோ, கீரை பயிரிடவோ, கிணறு வெட்டவோ போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மண்ணும் நீரும் நல்லவைதாமா என்பதை எப்படி அறிவது? பார்த்தும் முகர்ந்தும் சொல்லிவிட முடியாது. ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்த நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை.

இரயில் நிலையங்களின் கொட்டகைகளில் என்னென்ன மண்ணில் சேரும்? எஞ்சினிலிருந்து சிந்திய எண்ணெய், நிலக்கரிச் சாம்பல், பழைய சாயத்திலிருந்த ஈயம் ஆகியவை சேரும். தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளுக்குக் கிரியோசோட் என்னும் தார் எண்ணெய் ஏற்றுவார்கள். நம் நாட்டில் கெம்பாஸ் மரக் கட்டைகளுக்கு அப்படிச் செய்தார்கள். பல நாடுகளில் பாதையோரக் களையை அழிக்க ஆர்சனிக் மருந்து தெளிக்கப்பட்டது. இது நமக்கும் புதிதன்று. சோடியம் ஆர்சனைட் என்ற பெயரில் மலாயா ரப்பர் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் களைக்கு அடிக்கப்பட்ட மருந்துதான். ஆர்சனிக் ஒரு தனிமம். மக்கி மறைந்து போகாது.

ஆராய்ச்சியின் முதல் வேலை மண்வெட்டியை எடுப்பதன்று, விசாரிப்பது. பழைய வரைபடங்களைப் பார்க்க வேண்டும். அங்கு வேலை செய்த முதியவர்களைக் கேட்க வேண்டும். எஞ்சின் கொட்டகை எங்கே இருந்தது? எண்ணெய்த் தொட்டி எங்கே? கழிவை எந்தப் பள்ளத்தில் கொட்டினார்கள்? இவை தெரிந்தால்தான் எங்கே தோண்டுவது என்பது தெரியும்.

சந்தேகப்பட்ட இடங்களில் மட்டுமன்றி, நிலம் முழுவதிலும் சம இடைவெளியில் மண் எடுப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, மாசுபடாத அண்டை நிலத்து மண்ணும் வேண்டும். ஏனெனில் இயற்கை மண்ணிலேயே சிறிது ஆர்சனிக் இருக்கக்கூடும். பிள்ளைகளின் கையில் ஒட்டும் மேல்மண்ணையும் ஆழத்து மண்ணையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொரு முறையும் கருவியைக் கழுவி, குறிப்பெழுதி மூடிப் பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவார்கள்.

நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? முக்கோணமாக மூன்று குழாய்க் கிணறுகள் இறக்கி, நீர்மட்டங்களை அளந்தால் அது தெரிந்துவிடும். நீர் மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்திற்கே செல்லும். அந்தத் தாழ்ந்த பக்கத்துக் கிணறுகளே கவனிக்க வேண்டியவை. தேங்கிய நீரை இறைத்துவிட்டுப் புதிதாக ஊறிய நீரைச் சோதிக்க வேண்டும். எண்ணெய் நீரின் மேல் மிதக்கும். எஞ்சின் பாகங்களைத் துப்புரவு செய்யும் சில திரவங்கள் அடியில் தங்கும். ஆகவே இரண்டு ஆழங்களிலும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துப் பாவோலி இரயில் கொட்டகை இதற்கு ஒரு பாடம். 1915 முதல் மின்சார இரயில்கள் பழுதுபார்க்கப்பட்ட அந்த இடத்தில், மின்மாற்றிகளிலிருந்து பி.சி.பி. என்னும் நச்சுத் திரவம் மண்ணில் கசிந்தது. மழைநீர் அம்மண்ணை அண்டை வீட்டு முற்றங்களுக்கு அடித்துச் சென்றது. நிலத்தடி நீரின்மேல் எரிபொருள் எண்ணெயும் காணப்பட்டது. 1990-இல் நாட்டின் முன்னுரிமைத் துப்புரவுப் பட்டியலில் அவ்விடம் சேர்க்கப்பட்டது.

நஞ்சு, அது வரும் வழி, அதை உட்கொள்ளும் மனிதன் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. ஒன்றை விலக்கினால் போதும். கெட்ட மண்ணை அகற்றலாம். நல்ல மண்ணால் மூடலாம். அந்தக் கிணற்று நீரைக் குடிக்காமல் விடலாம். குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. காய்ச்சினால் அது போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். நம் சுற்றுச்சூழல் துறை, மாசுபட்ட நிலத்தை ஆராய்வதற்கான வழிகாட்டிகளை 2009-இல் வெளியிட்டிருக்கிறது.

1991-இல் டுரியான் துங்கல் அணை வற்றியபோது மலாக்கா மக்கள் தண்ணீருக்குப் பட்ட பாட்டை மறந்திருக்கமாட்டோம். அத்தகைய நாளில் கிணறுதான் கைகொடுக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகின்றன. லயத்து மக்கள் கலைந்து போகிறார்கள். மருந்து ஸ்டோர் எங்கே இருந்தது, தெளிப்பான்களை எந்தக் கானில் கழுவினார்கள் என்பதை அறிந்தவர்களும் அவர்களோடு போய்விடுகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் படம் வரைந்து வைப்போம். நாளை கிணறு வெட்டுபவர்களுக்கு அந்தத் தாள் தேவைப்படும்.