அரைநேர ஆசிரியர், முழுநேரப் பசி!

வகுப்பறையிலே நிற்கும் நேரத்துக்கு மட்டும்தான் கூலியாம்! இரவெல்லாம் விளக்கெரித்துத் திருத்திய விடைத்தாளுக்கு? ஐயம் கேட்டு வந்த மாணவனுக்கு விளக்கம் தந்த மாலைக்கு? அவை தொண்டாம்! தொண்டு என்ற சொல்லைப் போட்டால் அடுப்பு எரியுமா, தோழா?

நியூயார்க் நகரிலே, 1919-இல் தோன்றியது நியூ ஸ்கூல் பல்கலைக்கழகம். முற்போக்குப் பேசும் கூடம்! அங்கே ஆசிரியர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல் பகுதிநேரத்தார். தனியாக ஒருவர் கேட்டிருந்தால், “அடுத்த பருவத்தில் உமக்கு வகுப்பில்லை” என்ற ஒரே வரியில் கதை முடிந்திருக்கும். அவர்களோ சங்கம் கண்டனர். மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்தனர். ஆம், சம்மட்டி பிடித்த கையும் சாக்குக்கட்டி பிடித்த கையும் ஒரே கொடியின் கீழ்!

2022 நவம்பர் 16-இல் வேலைநிறுத்தம். மூன்று வாரத்துக்கு மேல் வீதியிலே நின்றனர். ஊதியத்தை நிறுத்துவோம் என்றது நிர்வாகம், உறுதி குலையவில்லை. டிசம்பரில் உடன்பாடு: ஊதிய உயர்வு; வகுப்புக்கு வெளியே செய்யும் பணிக்கும் ஊதியம்!

படித்தவனுக்குச் சங்கம் எதற்கு என்று ஏளனம் பேசுவோரே! பட்டம் சுவரிலே தொங்கும், பட்டினியைத் துரத்தாது. துரத்துவது ஒற்றுமை!