காட்டுக்கு யார் உரம் போட்டார்கள்? கோஸ்டாரிகாவில் ஒரு உழவர் பார்க்க வேண்டியவை

மத்திய அமெரிக்காவில், வடக்கே நிகரகுவா, தெற்கே பனாமா, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சின்ன நாடு கோஸ்டாரிகா. பரப்பளவு சுமார் 51,000 சதுர கிலோமீட்டர். அதாவது நம்ம தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. மக்கள் தொகை ஏறத்தாழ ஐம்பது லட்சம். ஒரு பக்கம் பசிபிக் கடல், இன்னொரு பக்கம் கரீபியன் கடல், நடுவில் முதுகெலும்பு மாதிரி எரிமலைத் தொடர். நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தேசியப் பூங்காக்களாகவும் காப்புக் காடுகளாகவும் இருக்கிறது. உலகத்தில் உள்ள உயிரின வகைகளில் நூற்றுக்கு ஐந்து இந்தச் சின்ன நிலத்துக்குள் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

மகள் குடும்பத்தோடு அங்கே போய் வந்ததிலிருந்து நண்பர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "குரங்கு, கிளி பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா?" குரங்கும் கிளியும் இருக்கட்டும். ஒரு இயற்கை உழவர் அங்கே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு சில விஷயங்கள். அவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கடன் கொடுத்து அழித்த காடு

இன்றைக்குப் பச்சைப்பசேல் என்று இருக்கிற இந்த நாடு எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1940களில் நிலத்தில் நாலில் மூன்று பங்கு காடு. 1980களில் அது நாலில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரே தலைமுறையில் இவ்வளவும் போனது எப்படி?

வங்கியில் கடன் பிரிவில் காலம் கழித்தவன் என்பதால் இந்தக் கதை எனக்கு உடனே புரிந்தது. காட்டை வெட்டித் திருத்தினால் நிலத்துக்கு உரிமை கிடைக்கும் என்பது அப்போதைய சட்டம். மரம் நின்றால் அது 'சும்மா கிடக்கிற நிலம்', வெட்டினால் 'மேம்பாடு'. அமெரிக்காவுக்கு மாட்டிறைச்சி ஏற்றுமதி சூடு பிடித்த நேரம் அது. மாட்டுப் பண்ணைக்கு என்றால் குறைந்த வட்டியில் தாராளமாகக் கடன். நிற்கிற காட்டைக் காட்டி யாரும் கடன் வாங்க முடியாது, மேய்ச்சல் நிலத்தைக் காட்டினால் வாங்கலாம். பிறகு கோடாரி சும்மா இருக்குமா?

1980களில் இறைச்சி விலை விழுந்தது, மலிவுக் கடனும் குறைந்தது. 1996இல் புதிய வனச் சட்டம் வந்தது. இயற்கைக் காட்டை வெட்டி வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது என்று தடை போட்டார்கள். தடையோடு நிறுத்தாமல், காட்டை வைத்திருக்கிறவருக்குப் பணமும் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். காடு நாலு வேலை செய்கிறது என்று அந்தச் சட்டமே கணக்கிடுகிறது. கரியமில வாயுவைப் பிடித்து வைப்பது, தண்ணீரைக் காப்பது, பல்லுயிர்களை வாழ வைப்பது, கண்ணுக்கு அழகாக இருப்பது. இந்த நாலு வேலைக்கும் நில உடைமையாளரோடு ஒப்பந்தம் போட்டு, ஆண்டுதோறும் பணம் கொடுக்கிறார்கள். 1997இல் இது தொடங்கியது. இதற்கான பணத்தில் பெரும்பகுதி பெட்ரோல், டீசல் மீதான வரியிலிருந்து வருகிறது. எரிபொருள் வரியில் 3.5 சதவீதம் இதற்கென்று ஒதுக்கப்பட்டது. புகை விடுகிறவர் கட்டும் பணம், மரம் வளர்க்கிறவருக்குப் போகிறது. விளைநிலத்தில் பயிரோடு சேர்த்து மரம் வளர்ப்பவர்களுக்கும் மரக் கணக்கில் பணம் உண்டு.

இன்றைக்குக் காட்டின் அளவு மறுபடி பாதிக்கு மேல் வந்துவிட்டது. இந்தப் பணம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மாட்டுத் தொழில் சரிந்தது, சட்டத் தடை, சுற்றுலா வருமானம் எல்லாம் சேர்ந்த விளைவு. ஆனால் கடனும் சட்டமும் எந்தப் பக்கம் சாய்கிறதோ, நிலமும் அந்தப் பக்கம் சாயும் என்பது மட்டும் தெளிவு.

மழைக்காட்டின் மண் வளமான மண்ணா?

தென்மேற்கு மூலையில் ஓசா தீபகற்பம். அங்கேதான் கோர்கோவாடோ தேசியப் பூங்கா, 1975இல் அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம்ம மாநிலச் சராசரி ஆயிரத்துக்குள்ளேதான். நாட்டில் உள்ள நாலு வகைக் குரங்கும், செம்பஞ்சவர்ணக் கிளியும், டேப்பிர் என்கிற பன்றி மாதிரியான பெரிய விலங்கும் இங்கே உண்டு. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். டிரேக் விரிகுடாவிலிருந்து படகில் போகலாம். கரையில் படகுத்துறை கிடையாது, தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். முழங்கால் பலமாக இருக்கும்போதே போய்விடுங்கள்.

அங்கே நிற்கும்போது நமக்கு முதலில் தோன்றுவது, 'இவ்வளவு பெரிய மரம் என்றால் மண் எவ்வளவு வளமா இருக்கணும்!' என்பதுதான். உண்மை பெரும்பாலும் நேர்மாறு. கொட்டுகிற மழையில் சத்துகள் கரைந்து ஓடிவிடும். பல மழைக்காடுகளில் மேல்மண் மெல்லிய அடுக்கு, அதற்குக் கீழே சத்தில்லாத சிவப்பு மண். அப்படியானால் சத்து எங்கே இருக்கிறது? மரத்திலேயே, இலையிலேயே, தரையில் கிடக்கிற சருகிலேயே இருக்கிறது. விழுந்த இலை சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் மட்கிவிடுகிறது. மட்குகிற இடத்துக்கே வேர்கள் மேலே ஏறி வந்து, பூஞ்சாண இழைகளின் துணையோடு சத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

வங்கிப் பாஷையில் சொன்னால் இங்கே வைப்புத்தொகை கிடையாது, எல்லாமே நடப்புக் கணக்கு. வரவு வந்த வேகத்தில் செலவாகி, செலவான வேகத்தில் வரவு வைக்கப்படுகிறது. காட்டை வெட்டி எரித்தால், சாம்பலில் ஒன்றிரண்டு வருடம் விளையும். பிறகு கணக்கு காலி. வெட்டிய இடங்கள் சில வருடத்தில் புல் மட்டும் முளைக்கிற பொட்டலாகப் போனதற்கு இதுதான் காரணம். தோட்டத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்துகிற பழக்கம் இன்னும் விடாதவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

காட்டுப் பாதையில் குனிந்து பார்த்தால் பச்சை இலைத் துண்டுகள் வரிசையாக நடந்து போகும். இலைவெட்டி எறும்புகள். அவை அந்த இலையைத் தின்பதில்லை. புற்றுக்குள் கொண்டுபோய், மென்று, அதன்மேல் ஒரு பூஞ்சாணத்தை வளர்த்து, அதைத்தான் உண்கின்றன. களைப் பூஞ்சாணம் வந்தால் அதை அடக்க, தங்கள் உடம்பிலேயே ஒரு பாக்டீரியாவையும் வைத்திருக்கின்றன. மனிதன் ஏர் பிடிப்பதற்குப் பல லட்சம் வருடம் முன்னாலேயே விவசாயம் செய்தவர்கள்!

தண்ணீருக்காக விட்ட மேட்டுக் காடு

மோண்டெவெர்டே மேகக்காடு வேறு வகை. 1951இல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து குவேக்கர் கிறித்தவக் குடும்பங்கள் சில இங்கே குடியேறின. போருக்குப் போக மாட்டோம் என்று மறுத்தவர்கள், 1948இல் ராணுவத்தைக் கலைத்த நாட்டைத் தேடி வந்தார்கள். பால்மாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்தார்கள். வாங்கிய நிலம் முழுவதையும் அவர்கள் வெட்டவில்லை. ஓடை பிறக்கிற மேட்டுப் பகுதிக் காட்டை அப்படியே விட்டுவைத்தார்கள். 1972இல் உருவான மேகக்காட்டுக் காப்பகத்தோடு பின்னால் இந்தக் காடும் இணைந்தது. அங்கே மரக்கிளை முழுக்கப் பாசியும் தொற்றுச் செடிகளும். மேகம் உரசிக்கொண்டு போகும்போது அதன் ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக இறக்குகின்றன. மழை இல்லாத நாளிலும் ஓடையில் தண்ணீர் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மாடு வைத்திருந்த விவசாயிகள்தான் இதை முதலில் யோசித்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ஆரஞ்சுத் தோலில் எழுந்த காடு

வடமேற்கே குவானகாஸ்டே மாகாணம். ஆறு மாதம் வறட்சி, இலையுதிர்க்கிற காடு. நம்ம ஊர் நிலத்துக்கு இதுதான் ரொம்ப நெருக்கம். நாம் வேலியோரம் வளர்த்துத் தழை வெட்டுகிற கிளைரிசிடியாவுக்கும், சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்துக்கும் தாய்வீடு இந்தப் பக்கம்தான்.

1990களின் பிற்பாதியில் இங்கே நடந்ததை ஒவ்வொரு இயற்கை உழவரும் தெரிந்துகொள்ள வேண்டும். டேனியல் ஜான்சென், வினி ஹால்வாக்ஸ் என்ற இரண்டு சூழலியலாளர்கள் டெல் ஓரோ என்ற பழச்சாறு நிறுவனத்தோடு ஒரு பேச்சு பேசினார்கள். 'உங்களிடம் உள்ள காட்டு நிலத்தைப் பூங்காவுக்குக் கொடுங்கள், உங்கள் ஆரஞ்சுத் தோல் கழிவை எங்கள் கெட்டுப்போன மேய்ச்சல் நிலத்தில் கொட்டிக்கொள்ளுங்கள்.' ஆயிரம் லாரி லோடு, மொத்தம் 12,000 டன் தோலும் சக்கையும், மூன்று ஹெக்டேரில், அதாவது ஏழரை ஏக்கருக்குள் வந்து இறங்கியது. இறுகிப்போன, கல் நிறைந்த, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஹராகுவா புல் மண்டிய நிலம் அது. ஆறு மாதத்தில் ஈக்களின் புழுக்களும் நுண்ணுயிர்களும் சேர்ந்து தோலைக் கறுத்த மண்ணாக மாற்றிவிட்டன. புல் மூச்சுத் திணறிச் செத்தது.

இதற்குள் போட்டி நிறுவனம் ஒன்று, பூங்காவை அசுத்தம் செய்கிறார்கள் என்று வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் வரை போய்த் திட்டம் நின்றது. எல்லோரும் மறந்தும் விட்டார்கள். 2013இல் ஒரு ஆய்வாளர் இடத்தைத் தேடிப் போனார். அடையாளத்துக்கு வைத்த பெரிய பலகையையே கண்டுபிடிக்க முடியவில்லை, கொடியும் மரமும் மூடிவிட்டிருந்தன. 2017இல் ஆய்வு முடிவு வெளியானது. தோல் கொட்டாத பக்கத்து நிலத்தோடு ஒப்பிட்டால், தரைக்கு மேல் மரங்களின் எடை 176 சதவீதம் அதிகம். மர வகைகளும் மும்மடங்கு. யாரும் நாற்று நடவில்லை. பறவையும் காற்றும் விலங்கும் கொண்டுவந்த விதைதான்.

ஏக்கருக்கு 1,600 டன் என்கிற இந்த அளவை நம்ம தோட்டத்தில் யாரும் செய்துபார்க்க வேண்டாம். பயிர் நிற்கிற நிலத்துக்கு அது ஆகாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை. களையை மூடாக்கால் அடக்குவது, மண்ணுக்கு அங்கக உணவு கொடுப்பது, தீ வைக்காமல் காப்பது. மற்றதை உயிர்கள் பார்த்துக்கொள்ளும்.

காப்பிக்குக் கூலி இல்லாத வேலையாள்

ஒரு காப்பித் தோட்டத்தில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. காட்டிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த செடிகளில், காட்டுத் தேனீக்களின் மகரந்தச் சேர்க்கையால் விளைச்சல் 20 சதவீதம் கூடுதல். சரியாகச் சூல் பிடிக்காத ஒற்றை விதைக் காய்கள் 27 சதவீதம் குறைவு. அந்த ஒரே தோட்டத்துக்கு இரண்டு காட்டுத் துண்டுகள் செய்த வேலையின் மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 60,000 டாலர். தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற 'போரோ' மரம் நம்ம கல்யாண முருங்கையின் உறவு. கவாத்து செய்து தழையைக் காப்பிச் செடிக்கு அடியிலேயே போடுகிறார்கள்.

தீவுகளும், போகும் வழியில் பார்ப்பதும்

ஓசாவுக்கு எதிரே கானோ தீவு, பவளப் பாறையும் கடலாமையும் பார்க்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கட்டுப்பாடு உண்டு. கோகோ தீவு கரையிலிருந்து 550 கிலோமீட்டர், படகில் ஒன்றரை நாள். காவலர்கள் தவிர யாரும் குடியில்லை. முன்பு கப்பல்காரர்கள் விட்டுச்சென்ற பன்றிகள் பெருகி அந்தத் தீவின் மண்ணையே கிளறி அரித்துவருகின்றன.

கரீபியன் பக்கம் டோர்ட்டுகேரோ. ஜூலை முதல் அக்டோபர் வரை பச்சைக் கடலாமைகள் முட்டையிட வரும். சாலை கிடையாது, படகோ சின்ன விமானமோதான். படகுத்துறை வரை போகிற வழியைக் கண்ணைத் திறந்து பாருங்கள். மைல் கணக்கில் வாழை, அன்னாசி. ஒரே பயிர், வரிசை வரிசையாக. அன்னாசி ஏற்றுமதியில் உலகத்தில் முன்வரிசையில் நிற்கிற நாடு, நிலப்பரப்புக் கணக்கில் பூச்சிக்கொல்லி தெளிப்பதிலும் முன்வரிசையில்தான் நிற்கிறது. சிகிர்ரெஸ் பகுதியில் சில கிராமங்களின் குடிநீரில் புரோமாசில் என்கிற களைக்கொல்லி கலந்து, மக்கள் வருடக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்தார்கள். 2017இல்தான் அந்த மருந்துக்குத் தடை வந்தது. காட்டைக் காத்த அதே அரசுதான் இதையும் அனுமதித்தது. காட்டுக்கு வேலி போட்டுவிட்டு வயலில் விஷம் தெளித்தால், தண்ணீர் அந்த வேலியை மதிக்காது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

- பசிபிக் பக்கம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. கரீபியன் பக்கம் செப்டம்பர், அக்டோபரில் ஓரளவு வெயில் கிடைக்கும்.
- பூங்கா அனுமதியையும் வழிகாட்டியையும் முன்பே பதிவு செய்யுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு உள்ளே அனுமதி இல்லை.
- பெரிய பூங்கா ஒன்றைக் குறைத்தாலும், ஒரு சின்னக் கலப்புத் தோட்டத்தில் ஒரு நாள் தங்குங்கள். கொக்கோ, வாழை, மிளகு சேர்ந்து நிற்பதைப் பார்க்கலாம்.
- விதை, கிளை, கிழங்கு எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். சட்டப்படியும் தவறு. ஹராகுவா புல்லும் கோகோ தீவுப் பன்றியும் போதாதா? காலணி மண்ணைக் கழுவிவிட்டு ஏறுங்கள், வாழை வாடல் நோய் மண்ணோடு பயணம் செய்யும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்து ஊர் வரை போகலாம். உங்கள் வட்டாரத்தில் பழச்சாறு ஆலை, மாம்பழக்கூழ் ஆலை, காய்கறிச் சந்தை எது இருக்கிறது, கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் கொண்டுபோக ஆள் கிடைத்தால் போதும் என்றுதான் இருப்பார்கள். பிளாஸ்டிக் கலக்காமல் கொடுக்கச் சொல்லி, வேலியோரத்தில் ஒன்றுக்கும் உதவாத ஐந்து சென்டில் முதலில் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஐந்து சென்ட்டை அப்படியே விட்டு வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் வேண்டும்.